பஞ்சில் ஒட்டி வந்தது

மகளே,

கப்பல் தலைமன்னாரை விட்டு நகர்ந்த பிறகு இதைப் பிரித்துப் பார். அதற்கு முன்னால் பிரித்தாயானால் என்ன செய்வாயோ எனக்குத் தெரியாது. ரயிலை விட்டு இறங்கி வந்து என் சட்டையைப் பிடித்தாலும் பிடிப்பாய். உன் கோபம் எனக்குத் தெரியாதா, என்னிடமிருந்து வந்ததுதானே. வெள்ளிக்கிழமை மாத்தளை ஸ்டேஷனில் இதை உன் கையில் திணிக்கும்போது மருந்துச் சீட்டு என்று உன் புருஷனிடம் சொல்லிவிடுவேன். எல்கடுவவில் தோட்டத்து டிஸ்பென்சரியில் உட்கார்ந்து முப்பது வருஷமாகச் சீட்டு எழுதிக் கிழித்தவன் நான், ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டு, தாளின் மேல் அடிமட்டத்தை வைத்து, வரிக்கு வரி அதைக் கீழே நகர்த்தி எழுதுகிறேன். இன்றோடு மூன்று நாள். காலை பத்து மணியிலிருந்து மத்தியானம் வரைக்கும்தான் என் வலது கண் சொன்ன பேச்சுக் கேட்கிறது. இடது கண் விடைபெற்று மாதக்கணக்காகிறது.

நேரில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். அதற்குத் தைரியம் இருந்திருந்தால் எட்டு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருப்பேன். இப்போதும் தைரியம் வந்து எழுதவில்லை, அவகாசம் தீர்ந்துபோய் எழுதுகிறேன். வலது கண்ணும் போய்விட்டால் எனக்கு வரும் கடிதத்தை வாசிக்கவும், நான் சொல்வதை எழுதவும் இன்னொருவர் வேண்டும். உன் அம்மா கைநாட்டு. ஆகவே தோட்டத்துக் கிளாக்கர் ஐயா வாசிப்பார், உன் அம்மா பக்கத்தில் நின்று கேட்பாள். அதற்கப்புறம் உனக்கும் எனக்கும் நடுவே தனிப்பேச்சு என்று ஒன்று இருக்காது. உன் இடது கண்ணைப் பற்றியும் உன் மாமாவைப் பற்றியும் இத்தனை காலம் உனக்குச் சொல்லி வளர்த்தது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் கண்ணிலிருந்து தொடங்குகிறேன், அப்போதுதான் உனக்கு விளங்கும். போன தை மாதம் என் கண்ணுக்கு முன்னால் கொசு பறந்தது. நானும் கையை வீசி வீசி விரட்டிப் பார்த்தேன். "என்னங்க, ஆளில்லாத எடத்துல யாரைங்க அடிக்கிறீங்க?" என்று உன் அம்மா சிரித்தாள். ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிறவனுக்கு இது தெரியாதா என்ன! போரிக் பவுடரைக் கரைத்துக் கண்ணைக் கழுவினேன். சில நாளில் கண்ணோரம் மின்னல் வெட்டியது. அதற்கும் கழுவினேன். பிறகு கீழேயிருந்து ஒரு கறுப்புத் திரை எழும்பி வந்தது. அது பாதிக் கண்ணை மூடிய பிறகுதான் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே கண் டொக்டர் யாழ்ப்பாணத்தவர், வயதில் எனக்கு இளையவர். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, டிஸ்பென்சரியில இருக்கிற ஆள் இவ்வளவு பிந்தி வரலாமோ? விழித்திரை கழண்டு போச்சு. இனி ஒண்டும் செய்யேலாது" என்றார். ஆனாலும் நான் விடவில்லை. எது எதிலிருந்து கழன்றது, ஏன் கழன்றது என்று கேட்டேன். அவருக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். கிளினிக் அட்டையின் பின்பக்கத்தில் ஓர் உருண்டை வரைந்து காட்டினார்.

கண் உருண்டையில் ஐந்தில் நாலு பங்கை நிறைத்திருப்பது ஒரே ஒரு பொருள். நிறமில்லாத, கண்ணாடி போன்ற கூழ். உன் விஞ்ஞானப் புத்தகத்தில் கண்ணாடியுடனீர் என்று போட்டிருந்ததே, அதுதான். முன்னால் வில்லை, பின்னால் விழித்திரை, நடுவே இந்தக் கூழ். அளந்தால் ஒரு தேக்கரண்டி வரும். நூறு பங்கில் தொண்ணூற்றெட்டுத் தொண்ணூற்றொன்பது பங்கு வெறும் தண்ணீர்தானாம். மிச்சத்தில் கொஞ்சம் உப்பு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நார்கள், அந்த நார்களுக்கிடையில் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிற ஒரு பசை. அவ்வளவுதான் சரக்கு. எனக்கோ மருந்து கலக்குகிறவன் புத்தி. மனசுக்குள்ளேயே ஒரு சீட்டு எழுதிப் பார்த்தேன். சுத்தத் தண்ணீர் இவ்வளவு, உப்பு இவ்வளவு, பசை இவ்வளவு. எந்தப் போத்தலில் போட்டுக் குலுக்கினாலும் அது வராது. அதற்குள் ஒரு ரத்தக்குழாய் கூடக் கிடையாது. ரத்தம் ஓடினால் வெளிச்சம் போகாதே! தாய் வயிற்றில் இருக்கும்போது மட்டும் நடுவே ஒரு சிறு குழாய் ஓடுமாம், பிள்ளை பிறப்பதற்குள் அது வற்றிவிடுமாம். ஓடிய தடம் மட்டும் கடைசி வரை உள்ளே இருக்கும் என்றார்.

"கண்ணுக்கு முன்பக்கம் இருக்கிற தண்ணி வேற. அது நெடுக ஊறும், நெடுக வடியும்" என்றார் டொக்டர். "பின்னுக்கு இருக்கிற இது ஊறுற சாமான் இல்லை ஐயா. பிறக்கேக்க கொண்டுவந்ததுதான். குறைஞ்சால் குறைஞ்சதுதான்." வயது ஏற ஏறக் கூழ் இளகித் தண்ணீராகும், சுருங்கும். நான் கொசு என்று விரட்டியது அதில் மிதந்த நார்களின் நிழல். சுருங்கும்போது அது விழித்திரையை விட்டு விலக வேண்டும். சில கண்களில் அது ஒட்டின இடத்தை விட மனமில்லாமல் திரையையும் சேர்த்து இழுக்கும். அந்த இழுப்புத்தான் நான் பார்த்த மின்னல். இழுத்த இடத்தில் கிழிந்தால் இளகின தண்ணீர் உள்ளே புகுந்து திரையைச் சுவர்க்காகிதம் போல உரித்துவிடும். எனக்கு அது புதிதாக இருக்கவில்லை. அந்தக் கூழை நான் இரண்டு முறை கையால் தொட்டிருக்கிறேன். ஒரு முறை ஆட்டுக்கண்ணில். அதற்கு முன்னால் உன் கண்ணில்.

அப்போது உனக்கு ஏழு வயது. எட்டாம் நம்பர் மலையில் கவ்வாத்து வெட்டு நடந்துகொண்டிருந்தது. உன் அம்மாவின் தம்பி, உன் மாமா, அந்த மலையில் கவ்வாத்து வெட்டினான். அவன் கத்தி பட்ட தேயிலைச் செடி கத்தரித்த தலை மாதிரி ஒரே மட்டமாக நிற்கும். உன்மேல் அவனுக்கு உயிர். நீ போத்தலில் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வெட்டி விழுந்த மிலாறைப் பொறுக்கிக்கொண்டிருந்தாய். அடுப்புக்கு மிலாறு பொறுக்காத பிள்ளை எந்த லயத்து வீட்டில் இருந்தது? "குட்டி, தள்ளிப் போ, தள்ளிப் போ" என்று அவன் இரண்டு தரம் சொன்னதாக அந்த மலையில் நின்ற அத்தனை பேரும் சொன்னார்கள். நீ தள்ளிப் போகவில்லை. வளைத்து வெட்டின கிளை ஒன்று விசிறிவந்து உன் இடது கண்ணில் குத்தியது.

அங்கேயிருந்து டிஸ்பென்சரிக்கு ஒன்றரை மைல் இறக்கம். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். ஓடிவந்தான் என்று எழுதுகிறேனே தவிர, தலை ஆடாமல், குலுங்காமல், நிறைகுடம் சுமக்கிறவன் மாதிரித்தான் வந்தான். உள்ளங்கையைச் சிரட்டை போலக் குழித்து, கண்ணில் படாமல், மேலே கவிழ்த்துப் பிடித்திருந்தான். அந்தக் கையை இன்றைக்கும் நான் பார்க்கிறேன். "தொடாதீங்க மச்சான். உள்ளேயிருந்து வெள்ளையா என்னமோ வருது. அப்படியே மாத்தளைக்குக் கொண்டு போவோம், லொறி கீழதான் நிக்குது" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ டொக்டரா, நான் டொக்டரா?" என்றேன். நான் டொக்டர் இல்லை, மகளே. இரண்டு வருஷம் பயிற்சி எடுத்துவிட்டு மருந்து கலக்குகிறவன். ஆனால் தோட்டம் முழுக்க டொக்டர் ஐயா, டொக்டர் ஐயா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கே அது பழகிப் போயிருந்தது. உன் அம்மாவைத் தொழிலாளர் லயத்திலிருந்துதான் கட்டினேன், ஆசைப்பட்டுத்தான் கட்டினேன். என்றாலும் லயத்துப் பையன் ஒருவன் என் மேசைக்கு முன்னால் நின்று எனக்கு வைத்தியம் சொல்வதா என்று மனசுக்குள் ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிரின் விலையை நீ கொடுத்தாய்.

உன்னை மேசையில் கிடத்தினேன். கருவிழியின் ஓரத்தில் சின்னக் காயம். அதன் வாயில் முட்டை வெள்ளைக்கரு போல ஒன்று பளபளவென்று பிதுங்கி நின்றது. பீளை என்று நினைத்தேன். காயத்தில் அழுக்கு இருக்கக்கூடாது, முதலில் துடை, பிறகு கட்டு; எனக்குச் சொல்லித்தந்தது அது, நான் ஆயிரம் கைகால்களில் செய்ததும் அது. பஞ்சை நனைத்துத் துடைத்தேன். அது போகவில்லை, பஞ்சோடு ஒட்டிக்கொண்டு நீண்டது. இழுத்தேன். இன்னும் நீண்டது. வேறு பஞ்சை எடுத்துச் சுற்றி இழுத்தேன். நீ அலறின அலறலில் உன் மாமா என் கையைப் பிடித்தான், நான் தள்ளிவிட்டேன். பிறகு பஞ்சுக்கு மேல் பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டினேன். இறுக்க இறுக்க உள்ளே மிஞ்சியிருந்ததும் வெளியே வந்திருக்கும். சுத்தமாகக் கட்டிவிட்டேன் என்று அப்போது எனக்குத் திருப்திகூட இருந்தது.

உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மாத்தளைக்குப் போய், அங்கிருந்து கண்டிக்குப் போனோம். கட்டைப் பிரித்த டொக்டர், "இதை யார் துடைத்தது?" என்று இங்கிலீஷில் கேட்டார். உன் அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. "வரும்போதே இப்படித்தான் இருந்தது, சேர்" என்று நானும் இங்கிலீஷில் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. தப்புச் செய்தேன் என்று அன்றைக்கு எனக்குத் தெளிவாகத் தெரியவும் இல்லை. அவர் கேட்ட விதத்தில் ஏதோ உறுத்தியது, வாய் முந்திக்கொண்டது. வெளியே வந்ததும் உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "மிலாறு குத்தினதிலேயே எல்லாம் போயிட்டுதாம்" என்றேன். அவள் அழவில்லை. தோட்டத்துக்குத் திரும்பிவந்து, நேராகத் தம்பி வீட்டு வாசலுக்குப் போய், இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினாள். "எம்புள்ள கண்ணப் புடுங்கினவனே, நீ எனக்குத் தம்பியுமில்ல, நான் உனக்கு அக்காவுமில்ல!" அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மச்சான்தான் துடைத்தார், இழுத்தார் என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். கண்ணால் பார்த்தவன் அவன் ஒருவன்தான். சொல்லவில்லை. என் வெட்டினால்தானே எல்லாம் வந்தது என்று நினைத்தானோ, அக்கா வாழ்க்கையைக் கெடுப்பானேன் என்று நினைத்தானோ. அடுத்த மாதமே ரிவர்ஸ்டன் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாறிப் போய்விட்டான்.

நீ பெரிய பிள்ளையானபோது தாய்மாமன் சீர்த் தட்டோடு வந்தான். உனக்கு ஞாபகம் இருக்கும். புதுச் சேலை, வளையல், பழம் எல்லாம் வைத்து, ரோட்டு வளைவில் நின்றுகொண்டு ஆள் அனுப்பினான். மாமன் குச்சில் கட்டாமல், மாமன் சேலை உடுத்தாமல் நம் ஜனங்களில் எந்தப் பெண் பிள்ளை சடங்கு முடித்திருக்கிறது? உன் அம்மா தட்டை உள்ளே எடுக்கவிடவில்லை. நீயும் ஜன்னலைச் சாத்தினாய். சாயங்காலம் வரை நின்றுவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனான். அன்றைக்கும் விஷயம் இன்னதென்று தெரியாது என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ள வழி இருந்தது. அந்த வழியை நீதான் அடைத்தாய்.

பள்ளிக்கூடத்துப் பெரிய சோதனைக்கு முந்திய மாதம். விலங்கியல் டீச்சர் ஆட்டுக்கண் வெட்டிப் பழகச் சொன்னார் என்று வந்து நின்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒற்றைக் கண்ணோடு படித்து வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளை! மாத்தளை இறைச்சிக்கடை நானாவிடம் கேட்டேன். "கண்ணா? தலையைக் கேப்பாங்க, காலைக் கேப்பாங்க, கண்ணு கேட்டு வந்தது நீங்கதான் ஐயா. புள்ள படிக்கத்தானே, சும்மா கொண்டு போங்க" என்று இலையில் சுற்றித் தந்தார். டிஸ்பென்சரி மேசையில் வைத்து நீ வெட்டினாய். உன்னைக் கிடத்தின அதே மேசை. முதலில் முன்பக்கத்துத் தண்ணீர் தெறித்தது, நீ சிரித்தாய். பிறகு வில்லை பாசிமணி போல உருண்டு வந்தது. அதற்குப் பின்னால் அந்தக் கூழ். "வழுக்குதுப்பா, பஞ்சு வச்சுப் புடிங்க" என்றாய். பஞ்சை வைத்தேன். அது ஒட்டியது. இழுத்தேன், நீண்டது.

மூளைக்கு முன்னால் என் விரலுக்குத் தெரிந்துவிட்டது, மகளே. அதற்கு ஒன்பது வருஷத்துக்கு முன்னால், உன் ஏழு வயதில், என் விரலில் இருந்த அதே இழுப்பு. நிறுத்தியிருக்க வேண்டும், கை தானாகவே இன்னும் கொஞ்சம் இழுத்தது. சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய சவ்வு அதோடு சேர்ந்து உரிந்து வந்தது. "ஐயோ அப்பா, இழுக்காதீங்க! விழித்திரை பிஞ்சு வந்துருச்சு பாருங்க! கண்ணாடியுடனீரைப் பஞ்சால இழுக்கவே கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்கப்பா" என்று என் கையைத் தட்டிவிட்டாய். பிறகு என் முகத்தைப் பார்த்து, "என்னப்பா வெளுத்துப் போயிட்டீங்க? நாத்தமா?" என்று கேட்டாய். ஆமாம், நாற்றம் என்றேன். வெளியே போய்த் தண்ணீர் கொட்டும் பீலியடியில் நின்று கையைக் கழுவினேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். உனக்குச் சோதனை முடியட்டும் என்றேன். முடிந்ததும் பெறுபேறு வரட்டும் என்றேன். பிறகு வரன் பார்க்கும் காலம், இப்போது எதற்கு என்றேன். சாக்குச் சொல்கிறவனுக்கு நாளா கிடைக்காது?

இனிச் சொல்லப் போவதுதான் எல்லாவற்றிலும் கேவலம். நாலு வருஷத்துக்கு முன்னால் உன் மாமா, நம் ஜனங்களை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தத்தில் பெயர் வந்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு புறப்பட்டான். போவதற்கு முன்னால் சொல்லிக்கொண்டு போக டிஸ்பென்சரிக்கு வந்தான். தலை நரைத்திருந்தது, கவ்வாத்துக் கத்தி பிடித்த கை காய்த்துப் போயிருந்தது. "வீட்டுக்கு வரல மச்சான். அக்கா மூஞ்சிய தூரத்திலேருந்து பாத்துட்டேன், போதும். குட்டிக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றான். நாங்கள் இருவர் மட்டும்தான். எனக்கு அப்போது எல்லாம் தெரியும். அவனுக்கும் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை, "தப்பு என்னுதுடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கப்பலில் வாந்தி வந்தால் குடிக்கச் சொல்லி ஒரு போத்தல் மருந்து கலக்கிக் கொடுத்தேன். அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனான்.

உன் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது கூடலூரிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. மாமாவின் பெண்டாட்டி யாரிடமோ சொல்லி எழுதுவித்தது. நெஞ்சு வலியில் போய்விட்டான். தபால் நேரே என் மேசைக்குத்தான் வரும், நான்தான் வாசித்தேன். கல்யாணப் பதிவு முன்பே முடிந்து உன் புருஷன் பாஸ்போட்டில் உன் பெயர் ஏறியிருந்தது, தாலி கட்டுவதுதான் பாக்கி. கூடப்பிறந்த தம்பி செத்த செய்தி தெரிந்தால், எவ்வளவு பகை இருந்தாலும் உன் அம்மா அந்த மாதம் பந்தல் போட விட்டிருப்பாளா? கப்பல் திகதியோ தள்ளிப் போகாது. அட்டையை மருந்துப் புத்தகத்துக்குள் வைத்து மூடினேன். உன் அம்மா தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்று எல்லாரையும் வாங்க வாங்க என்று கூப்பிட்டாள், நீ பார்த்தாய். தாய்மாமன் நின்று மாலை போட வேண்டிய இடத்தில் பெரிய கங்காணியை நிறுத்தினோம். அவர் மாலையை எடுத்தபோது அவள் முகம் ஒரு கணம் சுண்டியது. நான் மட்டும் கவனித்தேன்.

என் கண்ணைப் பார்த்த கண்டி டொக்டரிடம், எனக்குத் தெரிந்த ஒருவர் கதை என்று சொல்லி உன் கதையைச் சொன்னேன். "எந்த மடையன் அதைத் துடைச்சவன்?" என்றார். துடைக்காமல் விட்டிருந்தால் கண் தப்பியிருக்குமா என்று கேட்டேன். "சொல்லேலாது ஐயா. குத்தின குத்திலேயே போயிருக்கலாம். ஒரு வெளிச்சமாவது மிஞ்சியும் இருக்கலாம். இனி ஆருக்குத் தெரியும்?" என்றார். தெரியாது என்பதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. முழுக்க நான்தான் என்று சொல்லிவிட்டாலாவது ஒரு பக்கமாகச் சாய்ந்து விழலாம்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் டிஸ்பென்சரிக்காரனாக இரண்டு மூன்று சொல்லி வைக்கிறேன். உன் வலது கண்ணில் எப்போதாவது மின்னல் வெட்டினால், கொசு கூட்டமாகப் பறந்தால், திரை எழும்பினால், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. என்னைப் போலக் கழுவிக்கொண்டிருக்காதே. உனக்குப் பிறக்கிற பிள்ளைக்குக் கண்ணில் ஏதும் குத்தினால் துடைக்காதே, அழுத்திக் கட்டாதே, படுக்கவைத்து, கண்ணில் படாமல் மேலே எதையாவது கவிழ்த்து மூடிக்கொண்டு போ. உன் மாமா செய்தானே, அப்படி. எழுதப் படிக்கத் தெரியாதவன் சரியாகச் செய்தான். உன் புருஷன் நல்ல பிள்ளை. மறுவீட்டுக்கு வந்தபோது கவனித்தேன், ரோட்டில் உன் இடது பக்கமாகவே நடக்கிறான், யாரும் உன்னை இடித்துவிடக்கூடாது என்று. அவனிடம் எதையும் மறைக்காதே. மறைத்தது கெட்டியாகிப் போனால் பிறகு எதைத் தொட்டாலும் எல்லாம் சேர்ந்து கிழியும்.

நீங்கள் போய் இறங்கப் போவதும் கூடலூர்ப் பக்கம்தான். அந்த வீட்டுக்கு ஒரு முறை போ என்று கேட்க நினைத்தேன். அவன் பெண்டாட்டியிடமும் பிள்ளைகளிடமும் அவன் கை குற்றமில்லாத கை என்று சொல்லிவிட்டு வா என்று எழுத நினைத்தேன். அக்கா மகள் கண்ணைக் குத்தினவன் பிள்ளைகள் என்றுதானே அதுகள் வளர்ந்திருக்கும். ஆனால் அவனுக்கு அது இனிக் கேட்காது. என் பாரத்தைத் தூக்கி உன் தலையில் வைக்கிறேன் என்றும் தெரிகிறது. போவதும் போகாமலிருப்பதும் உன் இஷ்டம். என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. பதில் எழுதுவதானால் கிளாக்கர் ஐயா வாசிப்பார், உன் அம்மா கேட்பாள் என்பதை நினைத்து எழுது. அவளிடம் நானே சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் நினைக்கிறேன். சொல்ல மாட்டேன், மகளே. என்னை எனக்குத் தெரியும்.

இதோடு முடிக்கலாம் என்றிருந்தேன். இப்போதுதான் உன் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். "மூணு நாளா என்னத்தங்க எழுதுறீங்க, மருந்துச் சீட்டா, காணி உறுதிப் பத்திரமா?" என்று கேட்டுக்கொண்டே கோப்பையை மேசையில் வைத்தாள். மகளுக்கு நாலு வார்த்தை என்றேன். போகாமல் நின்றாள். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். "நானும் ஒண்ணு சொல்லணுங்க, எழுதுவீங்களா? அவ மூஞ்சிக்கு நேரா சொன்னா கத்துவா. அவனப் பத்திப் பேசக்கூடாதுன்னு சொல்லி வளத்தவளே நான்தானே" என்றாள். சொல்லு, எழுதுகிறேன் என்றேன். அவள் சொன்னதை ஒரு எழுத்துக் கூட்டாமல், குறைக்காமல் எழுதுகிறேன்:

"அவனும் அந்தக் கூடலூர்ப் பக்கந்தானாமே. ஒரு நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வரச் சொல்லுங்க. என்ன இருந்தாலும் கூடப்பொறந்தவன். வேணும்னா செஞ்சான்? கல்யாணத்தன்னைக்கு அவன் நிக்க வேண்டிய எடத்துல இன்னொரு ஆளப் பாத்ததுலேருந்து எனக்கு மனசே சரியில்ல. அக்கா மன்னிச்சிட்டான்னு சொல்லச் சொல்லுங்க. நான் அன்னைக்கு வாரிப் போட்ட மண்ண நானே அள்ளிக்கிட்டேன்னு சொல்லச் சொல்லுங்க."

"எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். எழுதிவிட்டேன் என்றேன். "எங்க, எந்த எடத்துல இருக்கு?" என்றாள். அவள் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன். மை காயாத அந்த வரிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

கூடலூரிலிருந்து வந்த அட்டையை இதோடு வைக்கிறேன். உனக்குக் காட்டுவதற்காக மேசைமேல் எடுத்து வைத்திருந்தேன், உன் அம்மா கோப்பையை அதன் மேல்தான் வைத்தாள். வட்டமாக இருக்கும் கறை அந்தத் தேத்தண்ணிதான். முகவரி அழியவில்லை, வாசிக்கலாம்.

அப்பா